ஒரே ஒரு 'ன்னா'வுக்காக ஒரு சண்டை

மக்களே, ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்ல அதைவிட அதிகம். ஆனா இன்னிக்கு எழுதியே ஆகணும். வயித்தெரிச்சல்.

போன சனிக்கிழமை வெலிங்டன் பக்கத்துல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் வீட்ல விருந்து. எனக்கு முன்னாடியே நியூசிலாந்து வந்து செட்டில் ஆனவர். நல்ல மனுஷன். பிரியாணியும் பிரமாதம், அதைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும். சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் ஏப்பம் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கும்போது என் பையில இருந்து நோட்டு ஒண்ணு நழுவி விழுந்துச்சு. அண்ணன் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது, மந்திரம் மாதிரி எழுதி வச்சிருக்கே?"

"மாவோரி அண்ணே. சாயங்கால வகுப்புக்குப் போறேன்ல. இப்ப நிபந்தனை வாக்கியம் எழுதிப் பழகிட்டிருக்கேன். வந்தா, போனா, இருந்திருந்தா... அந்த மாதிரி."

"அட ஏன்யா! 'கியா ஓரா'ன்னு சொல்லத் தெரிஞ்சா போதாதா? இதைப் படிச்சா என்ன கிடைக்கும்? இமிக்ரேஷன்ல பாயின்ட்ஸ் கூடத் தருவானா?"

மொத்தக் கூடமும் சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சேன். வயித்துக்குள்ள அவர் வீட்டு பிரியாணி இருக்கும்போது வேற என்ன பண்றது? ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் தூக்கம் வரலை. அங்க சொல்லாம விட்டதை எல்லாம் இங்க கொட்டறேன். அண்ணன் இதைப் படிப்பார்னு தெரியும். அண்ணே, பிரியாணிக்கு நன்றி, மத்ததுக்கு இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு. 'கியா ஓரா' போதும்ங்கிற வாதம். இது அவர் மட்டும் சொல்றதில்ல. இந்த நாட்டுல பாதிப் பேர் வாழறதே அப்படித்தான். மின்னஞ்சல் ஆரம்பத்துல ஒரு மாவோரி வார்த்தை, முடிவுல ஒரு மாவோரி வார்த்தை, நடுவுல முழுக்க இங்கிலீஷ். பன்ல வச்ச வெண்ணெய்க்கு நேர் எதிர். வெளியில தடவியிருக்கு, உள்ள ஒண்ணுமில்ல.

வணக்கம், நன்றி, சிவப்பு, பச்சை, ஒண்ணு, ரெண்டு... இதெல்லாம் கிளி கூடச் சொல்லும். கிளியால சொல்ல முடியாதது 'நீ நேத்து வந்திருந்தா இந்தத் தொல்லையே இருந்திருக்காது'. பேரம், எச்சரிக்கை, கெஞ்சல், மிரட்டல், வருத்தம், வாக்குறுதி எல்லாத்துக்கும் இந்த 'ஆ' வேணும். அம்மா பிள்ளையை மிரட்டறதே இதுல தானே? 'இப்ப எந்திரிக்கலைன்னா தண்ணி ஊத்துவேன்.' இந்த ஒரு வாக்கியம் சொல்ல முடியாத பாஷையில குடும்பம் நடத்த முடியாது. குடும்பம் நடத்த முடியாத பாஷை மேடை அலங்காரம்.

இங்க மக்கள்தொகை கணக்கெடுப்புல ஒரு கேள்வி உண்டு. 'அன்றாட விஷயங்கள் பலதைப் பத்தி எந்தெந்த மொழியில உங்களால உரையாட முடியும்?'னு கேப்பாங்க. 2018-ல மாவோரின்னு சொன்னவங்க 1,85,955 பேர். 2023-ல 2,13,849 பேர். ஏறியிருக்கு, சந்தோஷம். ஆனா மொத்த ஜனத்தொகையில அது நூத்துக்கு நாலு சொச்சம்தான். கேள்வியைக் கவனிங்க. வணக்கம் சொல்ல வருமான்னு கேக்கலை. உரையாட முடியுமான்னு கேக்கறாங்க. நிபந்தனை இல்லாம அஞ்சு நிமிஷம் உரையாடிப் பாருங்க, முடிஞ்சா எனக்குச் சொல்லுங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். அப்படி என்னதான் இருக்கு இந்த நிபந்தனை வாக்கியத்துல?

படிக்கறதுக்கு முன்னாடி ஒரு குறிப்பு. கீழ வர்ற மாவோரிச் சொற்கள்ல க, த வந்தா நடுவுல வந்தாலும் வல்லினமாவே வாசிங்க. குறில் நெடில் மட்டும் நான் எழுதியிருக்கறபடியே. மாவோரிக்கு அஞ்சு உயிர், ஒவ்வொண்ணுக்கும் குறில் நெடில். அதாவது நம்ம அ ஆ இ ஈ உ ஊ எ ஏ ஒ ஓ அப்படியே. இங்கிலீஷ்காரன் எழுத்து மேல கோடு போட்டு நெடிலைக் காட்டறான். நமக்குக் கோடே வேணாம். அதனால அது 'கியா ஓரா' இல்ல அண்ணே. 'கிய ஒர'. எல்லாமே குறில்.

இப்ப ஒரே ஒரு சம்பவம் எடுத்துக்குவோம். ஒருத்தர் வரணும், நாம சாப்பிடணும். அவ்வளவுதான் கதை.

1. கி தெ தயெ மயி இய, க கயி தாதொவு. - அவர் வந்தா சாப்பிடுவோம். (வரலாம், வராமலும் போகலாம்.)

2. கிய தயெ மயி இய, க கயி தாதொவு. - அவர் வந்ததும் சாப்பிடுவோம். (வருவார். நேரம்தான் பாக்கி.)

3. மேனா குவ தயெ மயி இய, மெ கயி தாதொவு. - அவர் வந்துட்டார்னா, நாம சாப்பிடணும். (வந்தாச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது.)

4. மெ இ தயெ மயி இய, குவ கயி தாதொவு. - அவர் வந்திருந்தா சாப்பிட்டிருப்போம். (வரலை. பட்டினி.)

வந்தா, வந்ததும், வந்துட்டார்னா, வந்திருந்தா. தமிழ் வாய்க்கு நாலும் நாலு விதம்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. மாவோரியிலும் நாலுக்கும் நாலு தொடக்கம். எது போடறோம்ங்கறது, நடக்கும்னு பேசறவன் எவ்வளவு நம்பறான்ங்கறதைப் பொறுத்தது. ஊருக்கு ஊர் பழக்கம் கொஞ்சம் மாறும். 'மேனா'வுக்குப் பதிலா 'மெஹெமெய'ன்னும் சொல்வாங்க. அடிப்படை இதான்.

அந்த 'தாதொவு'வையும் கவனிங்க. நாம். 'மாதொவு'ன்னா நாங்கள். 'மாதொவு' போட்டிருந்தா 'நாங்க சாப்பிடுவோம், நீ பார்த்துக்கிட்டு இரு'ன்னு அர்த்தம். கூடப் படிக்கற வெள்ளைக்காரப் பசங்க இந்த இடத்துல நாலு வாரம் முழி பிதுங்கினாங்க. நமக்கு அம்மா மடியிலயே வந்தது.

நாலாவது வாக்கியத்துல 'குவ' இருக்கு பாருங்க. சாதாரணமா அது நடந்து முடிஞ்சதைச் சொல்ற சொல். 'குவ கயி அஹவு'ன்னா நான் சாப்பிட்டாச்சு. அதே 'குவ' 'மெ இ'க்குப் பின்னாடி வந்தா, நடக்காமலே போனதைச் சொல்லுது. இங்கிலீஷ் வழியா வர்றவன் தன் பாஷையில இருக்கற துணைவினைக்கு நேர்ச்சொல் எங்கேன்னு தேடிக்கிட்டே இருப்பான். அப்படி ஒரு நேர்ச்சொல்லே இல்ல.

'கி தெ' பண்ற அக்கிரமம் தனி. 'கி தெ தொவ'ன்னா கடைக்கு. 'ஹயெரெ கி தெ மொயெ'ன்னா தூங்கப் போ. வாக்கியத் தொடக்கத்துல வந்து பின்னாடி வினை வந்தா 'ஆல்'. இடைவெளி விடாம 'கிதெ'ன்னு எழுதினா அது வேற சொல்லு, பார்க்கறது. முதல் மாசம் எனக்கு டவுசர் கிழிஞ்சிடுச்சு :-)

இப்ப என் கோபத்துக்கு வர்றேன். அது அண்ணன் மேல பாதிதான். மீதிப் பாதி, இதைப் பழக்கற முறை மேல.

வகுப்புல ஒரு தாள் குடுத்தாங்க. இருபது இங்கிலீஷ் வாக்கியம். எல்லாத்துலயும் ஒரே 'இஃப்'. மாவோரியில எழுதுன்னாங்க. மேல ஒரு பெட்டி போட்டு 'இஃப் = மேனா'ன்னு எழுதியிருந்துச்சு. நாங்க எல்லாரும் என்ன பண்ணுவோம்? இருபதுலயும் மேனா. டிக், டிக், டிக். இருபதுக்கு இருபது. ஃபயெய வேற சிரிச்சுக்கிட்டே சபாஷ்னாங்க. (ஃபயெயன்னா அம்மா, அத்தை, சித்தி எல்லாத்துக்கும் சொல்றது. டீச்சரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அவங்க மேல தப்பில்ல. தாள் அவங்க போட்டதில்ல.)

'மேனா' போட்டா பெரும்பாலும் ஓடிடும், யாரும் தப்புன்னு சொல்ல மாட்டாங்க. அதான் வம்பே. ஓடற ஒத்தை மாட்டை வச்சே வண்டியை ஓட்டிடலாம்னு மத்த மாட்டை எல்லாம் கட்டிப்போட்டாச்சு. அந்த இருபது வாக்கியத்துல பழகினது மாவோரி நிபந்தனை இல்ல. மாவோரிச் சட்டை போட்ட இங்கிலீஷ் நிபந்தனை.

இதனால என்ன குடி முழுகிடும்னு கேப்பீங்க. முழுகிச்சு. சொல்றேன்.

எங்க வகுப்புல ஒரு பெரியவர் இருக்கார். எழுபது தாண்டியாச்சு. மாவோரி. ஆமா, மாவோரிக்காரர்தான் மாவோரி படிக்க எங்களோட பெஞ்சில உக்காந்திருக்கார். அவங்கப்பா ஸ்கூல்ல இதைப் பேசி அடிவாங்கினவர். அந்த அடி பிள்ளைகளுக்கும் விழக்கூடாதுன்னு வீட்ல இங்கிலீஷே பேசி வளர்த்தவர். பெரியவருக்குப் புரியும், பேச வராது. எழுபது வயசுல சரிபண்ண வந்திருக்கார்.

பருவம் முடியறப்ப எல்லாரும் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவந்து ஒண்ணா சாப்பிடறது வழக்கம். அந்த வாரம் பெரியவரோட தங்கச்சி ஆஸ்பத்திரியில. மோசம்னு கேள்வி. நான் ஆறுதலா ஏதாவது சொல்லணும்னு போனேன். அதுவும் மாவோரியில. 'உங்க தங்கச்சி குணமாகி வரட்டும், எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்.' இதான் மனசுல. அந்தத் தாள்ல பழகின மண்டை 'இஃப்'னு ஒண்ணைப் போட்டுக்கிச்சு. மேனா வேணாம், வரப்போற விஷயம், 'கி தெ' போடலாம்னு கொஞ்சம் புத்திசாலித்தனம் வேற. வாயைத் திறந்து சொன்னேன்:

"கி தெ ஒர இய, க கயி தாதொவு."

இலக்கணப்படி ஒரு குத்தமும் கிடையாது. அர்த்தம்? 'அவங்க பொழைச்சா, சாப்பிடுவோம்.'

'ஒர'ன்னா நலமும்தான், உயிரும்தான். ஒரு மனுஷனோட தங்கச்சி ஆஸ்பத்திரியில கிடக்கும்போது அவர் முகத்துக்கு நேரா 'பொழைச்சா'ன்னு சொல்லிட்டு நிக்கறேன் நான். இளிச்சுக்கிட்டு வேற.

பெரியவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபம் இல்ல. அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார், மெதுவா.

"கிய."

என் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டு டீ எடுக்கப் போயிட்டார்.

கிய ஒர இய. அவங்க நலமானதும். இன்னொரு விதமா வாசிச்சா, அவங்க நலமாகட்டும். நம்பிக்கைக்கும் வாழ்த்துக்கும் ஒரே சொல். 'கிய ஒர'ன்னு தினம் அம்பது தடவை சொல்றோமே, ஆபீஸ் லிஃப்ட்ல, காபிக்கடையில, மின்னஞ்சல் தலையில, அதே 'கிய'. அம்பது தடவை சொல்லியும் அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலை. 'கியா ஓரா சொல்லத் தெரிஞ்சா போதாதா'ன்னு கேட்டீங்களே அண்ணே, எனக்கு அதுவே சொல்லத் தெரியலைன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

(அந்தம்மா வீட்டுக்கு வந்துட்டாங்க, நல்லா இருக்காங்க. நான்தான் இன்னும் தேறலை.)

இங்க இன்னொரு கோஷ்டி வரும். 'பார்த்தியா, இதான் சொல்றோம், இலக்கணம் பழகி ஒண்ணும் ஆகாது, குழந்தை மாதிரி காதால கேட்டுப் பேசக் கத்துக்கணும்'னு. சாமிகளா, குழந்தைக்குப் பாட்டி இருக்கு. 1982-ல இங்க கோஹங்க ரெயொன்னு மழலைப் பள்ளிகள் ஆரம்பிச்சாங்க. பேசத் தெரிஞ்ச பெரியவங்களையும் கைக்குழந்தைகளையும் ஒரே கூரைக்குக் கீழ உக்கார வச்சாங்க. குழந்தைக்கு அதான் சரி. எனக்கு வீட்ல எந்த மாவோரிப் பாட்டி இருக்கா? என் பொண்டாட்டி என்னோட தமிழ்லயே பேச மாட்டேங்கறா :-) காதுல விழாததைக் கையால எழுதித்தான் பழகணும். பயிற்சி வேணாம்னு நான் சொல்லவே இல்ல. பயிற்சி ஒழுங்கா இருக்கணும்ங்கறேன்.

ஒழுங்கான பயிற்சின்னா என்ன? நான் இப்ப பண்றது இதான். ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி, அன்னிக்கு நடந்த ஒரு விஷயம். ஒரே விஷயம், நாலு வாக்கியம். கி தெ, கிய, மேனா, மெ இ. பஸ் வந்தா, பஸ் வந்ததும், பஸ் வந்துடுச்சுன்னா, பஸ் வந்திருந்தா. அப்புறம் ஒரு எதிர்மறை: கி தெ கொரெ இய எ தயெ மயி, அவர் வராட்டி. 'கி தெ'க்குப் பின்னாடி வினை வந்தா மறுப்புக்கு 'கொரெ'. இங்கிலீஷ் பக்கமே போறதில்ல. நேரா தமிழ்ல நினைச்சு மாவோரியில எழுதறேன். ஏன்னா இந்த வித்தியாசங்களைத் தமிழ் மறைக்காது, அந்தப் பெட்டி மறைக்குது. நாலு வாக்கியத்துக்கு ஆறு நிமிஷம். இருபது மேனாவை விட இது பத்து மடங்கு மேல்னு சத்தியம் பண்ணுவேன்.

இப்படிப் பழகும்போதுதான் ஒரு நாள் ஃபயெய சொன்ன இன்னொண்ணு உறைச்சுது. 'மெயி கொரெ அகெ கொயெ.' யாராவது பெரிய உதவி பண்ணா இப்படிச் சொல்லுவாங்க. நீ மட்டும் இல்லேன்னா... அவ்வளவுதான். மீதி வாக்கியம் கிடையாது. நம்ம ஊர்லயும் கண்ல தண்ணி வந்தா அந்த இடத்தோட நிறுத்திடுவோம் இல்லையா? நன்றிங்கற சொல் பாடத்தோட முதல் பக்கத்துலயே இருக்கு. இது பதினஞ்சாவது பாடத்துல, 'நடக்காத நிபந்தனை'ங்கற தலைப்புக்குக் கீழ. அதுவரைக்கும் எத்தனை பேர் வருவாங்க?

நம்மாளுங்க சில பேர் கை தூக்கறது தெரியுது. 'மேனா'ங்கறது நம்ம '-ன்னா' தானே? 'ஙெஙெ'ன்னா களைப்பு, ங-வுல ஆரம்பிக்குது, அப்ப தமிழ்தானே? அய்யா, வேணாம், அழுதுடுவேன். மாவோரி பாலினீசியக் குடும்பம், ஹவாய், தஹிதி, சமோவா எல்லாம் அதோட சொந்தக்காரங்க. ஒலி ஒத்துப்போனா உறவாகிடாது. 1836 வாக்குல கொலென்சோங்கற பாதிரியார் ஃபஙாரெயி பக்கம் கண்டெடுத்த தமிழ் மணியைப் பத்தி நாம எழுதாத பக்கம் இல்ல. மாவோரிப் பெண்கள் அதைக் கவுத்து உருளைக்கிழங்கு வேகவச்சுக்கிட்டிருந்தாங்க. இப்ப வெலிங்டன்ல தெ பாபா அருங்காட்சியகத்தோட சேகரிப்புல இருக்கு. அந்த மணியில என்ன எழுதியிருக்குன்னு ஆயிரம் பேருக்கு அக்கறை. அதுல கிழங்கு வேகவச்சவங்க பேசின பாஷையில ஒரு வாக்கியம் சொல்ல எத்தனை பேருக்கு அக்கறை?

கடைசியா, அண்ணன் கேட்ட கேள்வி. 'இதைப் படிச்சா என்ன கிடைக்கும்?' இதுவும் நிபந்தனை வாக்கியம்தான், கவனிச்சீங்களா?

இதே வாக்கியத்தை வேற ஒருத்தர் கேட்டிருக்கார். சர் ஜேம்ஸ் ஹேனரெ. இரண்டாம் உலகப்போர்ல மாவோரிப் படைப்பிரிவுக்குத் தளபதியா இருந்தவர். 1985-ல வைதாங்கி தீர்ப்பாயத்துல சாட்சி சொன்னார். பள்ளிக்கூட வளாகத்துல மாவோரி பேசினதுக்காக அவரையே காட்டுக்கு அனுப்பி ஒரு கொடியை வெட்டிக்கிட்டு வரச்சொல்லி, அதாலயே அடிச்சாங்களாம். ஒரு வாத்தியார் சொன்னதையும் சொன்னார்: சோறு சம்பாதிக்கணும்னா இங்கிலீஷ்தான் பேசணும்.

பேசணும்னா. பாருங்க, ஒரு பாஷையை ஒழிக்க துப்பாக்கி எல்லாம் வேணாம், ஒரு கொடியும் ஒரு 'ன்னா'வும் போதும். அடியை விட அந்த 'ன்னா' ஆழமா இறங்குச்சு. அடி அந்தப் பிள்ளை முதுகோட போச்சு. 'ன்னா' அவங்க பிள்ளைகள் வீடு வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் 1972 செப்டம்பர் 14-ம் தேதி முப்பதாயிரத்துக்கும் மேல கையெழுத்தோட நாடாளுமன்றத்துக்கு மனு எடுத்துட்டுப் போய், 1987-ல ஆட்சிமொழின்னு சட்டம் வந்து, இன்னமும் எழுபது வயசுப் பெரியவர் என் பக்கத்து பெஞ்சில உக்காந்து 'கி தெ' எழுதிப் பழகிக்கிட்டிருக்கார்.

அண்ணே, உங்க வீட்ல உங்க பொண்ணு தமிழ்ல கேட்டா நீங்க இங்கிலீஷ்ல பதில் சொல்றதை அன்னிக்குப் பார்த்தேன். ஏன்னு கேட்டதுக்கு 'இங்க தமிழ் பேசினா என்ன கிடைக்கும் தம்பி'ன்னீங்க. அந்த வாத்தியார் செத்து எத்தனை வருஷமோ. அவர் குரலை உங்க கூடத்துல கேட்டேன். அதான் தூக்கம் வரலை.

உங்க பொண்ணுக்கு எழுபது வயசாகும்போது எந்த பெஞ்சில உக்காந்து எதைப் பழகணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நான் நோட்டை எடுத்துக்கிட்டுப் படுக்கப் போறேன். இன்னிக்கு வாக்கியம்: அண்ணன் கோவிச்சுக்கிட்டா, அண்ணன் கோபம் ஆறினதும், அண்ணனுக்கு இன்னும் கோபம்னா, நான் அன்னிக்கே வாயைத் திறந்திருந்தா.

பி.கு. 1: திட்டணும்னு தோணிச்சுன்னா தாராளமாத் திட்டுங்க. 'மேனா'வும் 'ன்னா'வும் ஒண்ணுதான்னு நிரூபிக்க வர்றவங்க மட்டும் வாசல்லயே செருப்போட திரும்பிடுங்க.

பி.கு. 2: அண்ணே, அடுத்த விருந்துக்குக் கூப்பிடுவீங்கதானே? 'கி தெ'வா 'கிய'வான்னு மட்டும் சொல்லிடுங்க :-)